தற்காலிகமாகக் குழந்தை பார்க்க வருபவருக்குச் சம்பளம், சொக்சோ, வரி: கோலாலம்பூர்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

2025 மே 11-ஆம் தேதியோடு என் 98 நாள் பேறுகால விடுப்பு முடிந்தது. நாங்கள் பதிந்திருந்த தாஸ்காவில் (குழந்தைப் பராமரிப்பு மையத்தில்) செப்டம்பர் முதல் தேதிதான் இடம் கிடைக்கும் என்றார்கள். இடைப்பட்ட மூன்றரை மாதத்திற்கு, பத்துமலையிலிருந்து கொமுட்டர் ரயிலில் செந்தூலுக்கு வந்து போகும் ஓர் அக்காவை ஏற்பாடு செய்தோம். குழந்தையை அவர் அருமையாகப் பார்த்துக்கொண்டார். தவறெல்லாம் எங்கள் பக்கம்தான். சம்பளத்தை எந்த நாளில், எந்த வழியில் கொடுப்பது, சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்ட வேண்டுமா, வரி யாருக்கு என்று எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் அவரை வேலைக்கு வரச் சொல்லிவிட்டோம். இரண்டாம் வாரம், துணி காயப்போடும் இடத்தில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து அக்காவின் வலது மணிக்கட்டு வீங்கியபோதுதான், இந்த வீட்டில் நான் ஒரு முதலாளி என்பதே எனக்கு உறைத்தது. அதன்பின் அலைந்து அறிந்துகொண்டதை, அடுத்து இந்த நிலைக்கு வரும் பெற்றோர் அலையாமல் இருப்பதற்காக வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

1. முதலாளி யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

பின்னால் வரும் எல்லாமே இதைப் பொறுத்துத்தான் அமையும். குழந்தை பார்ப்பவர் உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் சொல்லும் நேரத்தில், நீங்கள் சொல்லும் முறையில் வேலை செய்கிறார் என்றால் அவர் உங்கள் பணியாளர், நீங்கள் முதலாளி. மூன்று மாதம்தான், வாரத்தில் சில நாள்தான் என்பதால் இந்த உறவு மாறிவிடாது. மாறாக, குழந்தையை அவருடைய வீட்டில் விட்டுவிட்டு வருகிறீர்கள், அவர் இன்னும் ஓரிரு வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கிறார் என்றால், அவர் சொந்தத் தொழில் செய்பவர். நீங்கள் அவருக்குக் கட்டணம் செலுத்துபவர் மட்டுமே. அப்படி 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ ஒரு வீட்டில் இருந்தால், 1984-ஆம் ஆண்டுக் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி அந்த வீடு சமூக நலத்துறையில் தாஸ்காவாகப் பதிந்திருக்க வேண்டும்.

முகவர் வழியாக ஆள் எடுப்பவர்கள் ஒன்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்: மாதச் சம்பளத்தைக் கொடுப்பது முகவரா, நீங்களா? நாங்கள் முதலில் நாடிய ஒரு முகவர், ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டணமாகக் கேட்டதோடு, "டெம்பரரிதானே, சொக்சோ எல்லாம் வேண்டாம்" என்று வாய்வழியாகச் சொன்னார். அந்தப் பேச்சை நம்பித்தான் முதல் இரண்டு வாரம் பதியாமல் இருந்தேன். அவர் சொன்னது தவறு.

வெளிநாட்டவரைப் பற்றி ஒரே எச்சரிக்கை. பக்கத்து வீட்டுப் பணிப்பெண்ணைப் பகலில் இரவல் வாங்குவதும், சுற்றுலா விசாவில் வந்த உறவினருக்குச் சம்பளம் கொடுத்துக் குழந்தை பார்க்க வைப்பதும் குற்றம். உரிய அனுமதி இல்லாதவரை வேலைக்கு வைத்தால், 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு ஒவ்வொருவருக்கும் 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 12 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கிறது. இந்தக் கட்டுரையில் இனி சொல்வதெல்லாம் மலேசியக் குடிமகளான பணியாளரைப் பற்றியே.

2. வேலை தொடங்குமுன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்

வீட்டுப் பணியாளர்களுக்கு 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் எல்லாப் பிரிவுகளும் பொருந்துவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. வேலை நேரம், வார ஓய்வு நாள், பொது விடுமுறை, வருடாந்திர விடுப்பு, மருத்துவ விடுப்பு ஆகியவற்றைச் சொல்லும் 12-ஆம் பகுதி அவர்களுக்கு இல்லை. குறைந்தபட்சச் சம்பள ஆணையும் அவர்களை விலக்கி வைத்திருக்கிறது. எனவே இவற்றில் நீங்கள் தாளில் எழுதுவதுதான் அவருக்குள்ள உரிமை. எழுதாமல் விட்டால் அவருக்கு எதுவும் இல்லை. சட்டம் கேட்கவில்லை என்பதற்காகக் கொடுக்காமல் விடுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

சம்பளத்தை நாங்கள் கணக்கிட்டது இப்படித்தான். பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். அதை மாதத்துக்கு 26 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்று நாங்களே வகுத்து, மணிக்கு 8 ரிங்கிட் 17 சென் என்று எடுத்துக்கொண்டோம். அக்கா திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8 முதல் மாலை 6 மணி வரை இருப்பார். வாரத்துக்கு 50 மணி நேரம், மாதத்துக்கு ஏறக்குறைய 217 மணி நேரம். பெருக்கினால் 1,770 ரிங்கிட் சொச்சம் வந்தது. 1,800 என்று முடிவு செய்து, ரயில் கட்டணத்தைத் தனியே கொடுத்தோம். இதை அளவுகோலாக வைத்துக்கொண்டு பேசினால், பேரம் பேசும் சங்கடம் இருவருக்கும் குறையும்.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை: இருவரின் பெயரும் அடையாளக் கார்டு எண்ணும், தொடங்கும் தேதி, முடியும் தேதி, வேலை நேரம், செய்ய வேண்டிய வேலை, சம்பளம், போக்குவரத்துப் படி, பொது விடுமுறை நாட்களுக்குச் சம்பளம் உண்டா, நோய் விடுப்பு எத்தனை நாள், ஆறு மணிக்கு மேல் இருக்க நேர்ந்தால் மணிக்கு எவ்வளவு, விலகுவதற்கான முன்னறிவிப்பு. முன்னறிவிப்பைப் பற்றி ஒப்பந்தம் ஒன்றும் சொல்லாவிட்டால், இரு தரப்புக்கும் 14 நாள் என்று சட்டத்தின் 57-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்குப் பதிலாக 14 நாள் சம்பளத்தைக் கொடுத்தும் முடித்துக்கொள்ளலாம். "செய்ய வேண்டிய வேலை" என்ற வரியை அலட்சியமாக எழுதாதீர்கள். குழந்தையின் துணி துவைப்பது, புட்டி கழுவுவது வரை என்று எழுதினால், வீடு பெருக்குவதும் எல்லாருக்கும் சமைப்பதும் நாளடைவில் அவர் தலையில் ஏறாது.

முத்திரை வரியை நான் மறந்தே போயிருந்தேன். 2025-இல் கையெழுத்தான வேலை ஒப்பந்தத்துக்கு 10 ரிங்கிட் முத்திரை வரி உண்டு. கையெழுத்திட்ட 30 நாளுக்குள் வருமான வரி வாரியத்தின் முத்திரைத் தளத்தில் செலுத்த வேண்டும். 2026 ஜனவரி 1 முதல், மாதச் சம்பளம் 3,000 ரிங்கிட்டைத் தாண்டாத ஒப்பந்தங்களுக்கு இந்த வரி விலக்கப்பட்டுவிட்டது. ஆகவே, இப்போது கையெழுத்திடும் உங்களில் பெரும்பாலோருக்கு இந்தச் செலவு இல்லை.

3. முப்பது நாளுக்குள் சொக்சோவில் பதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்பவர்கள் இதைப் படியுங்கள். 2021 ஜூன் 1 முதல் வீட்டுப் பணியாளர்கள் சொக்சோ பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டார்கள். முதலாளியின் வீட்டில் இருந்து குழந்தை பார்ப்பவரும் அதில் அடக்கம். வேலை தொடங்கிய 30 நாளுக்குள் முதலாளியாக உங்களையும், பணியாளராக அவரையும், சொக்சோவை நடத்தும் பெர்கேசோவில் பதிய வேண்டும். தவறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

அக்கா விழுந்த அன்று செந்தூலில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். எலும்பு முறியவில்லை, படம் எடுத்து, கட்டுப்போட்டு, மருந்தும் சேர்த்து 280 ரிங்கிட் ஆனது. அதை நான் கொடுத்தேன். ஆனால் முறிந்திருந்தால், ஆறு வாரம் அவர் வேலைக்கு வர முடியாமல் போயிருந்தால், அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும் என்ற எண்ணம் இரவு முழுவதும் என்னை விடவில்லை. அந்தக் கவலைக்கான பதில்தான் இந்தப் பதிவு: வேலையில் காயம்பட்டு, விபத்து நாளையும் சேர்த்து நான்கு நாளுக்குக் குறையாமல் மருத்துவச் சான்றிதழ் கிடைத்தவருக்கு, சொக்சோ சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காட்டைக் கொடுக்கிறது, மருத்துவச் செலவையும் ஏற்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும், திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் இதில் சேரும். மோட்டார் சைக்கிளில் வந்து போகும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறில்லை.

மறுநாளே அக்காவிடம் சொன்னபோது, "எனக்கு எதுக்குமா அதெல்லாம், மூணு மாசந்தானே" என்றார். பிறகு கைப்பையிலிருந்து பழைய அடையாளக் கார்டு நகல் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் பின்பக்கத்தில், இளவயதில் சுங்கைவே தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது பெற்ற சொக்சோ எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்.

தேவையான ஆவணங்கள் குறைவே: உங்கள் அடையாளக் கார்டு நகல், அவருடைய அடையாளக் கார்டு நகல், முதலாளி பதிவுப் பாரம், பணியாளர் பதிவுப் பாரம். வேலை தொடங்கிய தேதியும் சம்பளமும் பாரத்தில் கேட்கப்படும். ஒப்பந்தத்தையும் கையோடு எடுத்துப் போனால் இரண்டாவது நடை மிச்சமாகும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. நான் நேரில் சென்றே முடித்தேன். அதன்பின் அசிஸ்ட் எனப்படும் இணையத் தளத்தில் கணக்கைத் திறந்துகொண்டால், மாதா மாதம் வீட்டிலிருந்தபடியே வங்கிக் கணக்கு வழியாகக் கட்டிவிடலாம்.

எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டால், பயந்தவர்கள் வெட்கப்படும் அளவுக்குச் சிறிய தொகைதான். 2025-ஆம் ஆண்டு நிலவரப்படி, 60 வயதுக்குட்பட்ட மலேசியருக்கு முதலாளி பங்கு ஏறத்தாழ 1.75 விழுக்காடு, பணியாளர் பங்கு 0.5 விழுக்காடு. 1,800 ரிங்கிட் சம்பளத்துக்கு என் பங்கு ஏறக்குறைய 31 ரிங்கிட், அக்காவின் பங்கு 8 ரிங்கிட் 75 சென். இரண்டும் சேர்ந்து 40 ரிங்கிட்டைத் தொடவில்லை. 60 வயதைத் தாண்டியவருக்கும், 55 வயதுக்கு மேல் முதன்முறையாகப் பதிபவருக்கும் இரண்டாம் வகை: முதலாளி மட்டும் 1.25 விழுக்காடு கட்டினால் போதும், அவரிடம் எதுவும் பிடிக்கக் கூடாது. சரியான தொகையைச் சந்தா அட்டவணையில் பார்த்துக் கட்டுங்கள். நீங்களே விழுக்காடு போட்டால் சில சென் மாறிப்போகும்.

கடைசித் தேதி அடுத்த மாதம் 15. மே மாதச் சம்பளத்துக்கு ஜூன் 15-க்குள் கட்டியாக வேண்டும். தாமதித்தால் ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி, நாள் கணக்கில் ஏறும். போக்குவரத்துப் படியும் ஆண்டு போனஸும் சந்தாவுக்கான சம்பளத்தில் சேராது. அதனால்தான் அவற்றைச் சம்பளத்தோடு கலக்காமல் தனி வரியாக எழுதச் சொல்கிறேன். வேலையிழந்தோருக்கான காப்புறுதித் திட்டத்தில் வீட்டுப் பணியாளர்கள் இல்லை. அதற்கு நீங்கள் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

விபத்து நடந்துவிட்டால் 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளியின் கடமை. கிளினிக் ரசீது, மருத்துவச் சான்றிதழ், எத்தனை மணிக்கு எந்த இடத்தில் நடந்தது என்ற குறிப்பு ஆகியவற்றை அன்றே எடுத்து வையுங்கள்.

4. சேமநிதி: அவரிடம் கேளுங்கள், நீங்களே தீர்மானிக்காதீர்கள்

ஊழியர் சேமநிதியில் வீட்டுப் பணியாளருக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் சந்தா செலுத்த விரும்புவதாக அவர் அறிவிப்புக் கொடுக்கலாம். கொடுத்தால் உங்கள் பங்கையும் நீங்கள் கட்ட வேண்டும். 5,000 ரிங்கிட் வரையிலான சம்பளத்துக்கு வழக்கமான விகிதம் முதலாளிக்கு 13, பணியாளருக்கு 11 விழுக்காடு. 1,800 ரிங்கிட்டில் உங்களுக்கு 234, அவருக்கு 198. குடும்பச் செலவுத் திட்டத்தில் இந்த 234 ரிங்கிட்டை முன்கூட்டியே ஒதுக்கிவிட்டு, அதன்பின் அவரிடம் பேசுங்கள். எங்கள் அக்காவுக்குக் கையில் வரும் தொகை குறைவதில் விருப்பமில்லை. அந்த முடிவை ஒரு வரியில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம்.

தம் வீட்டிலேயே பிள்ளை பார்க்கும் சொந்தத் தொழிலாளருக்கு ஐ-சாரான் என்ற திட்டம் இருக்கிறது. அவர் கட்டும் தொகைக்கு அரசாங்கம் ஆண்டுக்கு 500 ரிங்கிட் வரை ஊக்கத்தொகை சேர்க்கிறது. அவர்களுக்கான சொக்சோவும் வேறு: சொந்தத் தொழில் செய்வோர் திட்டத்தில் அவர்களே சேர வேண்டும், வீட்டுச் சேவைத் துறையும் அதில் உண்டு.

5. சம்பளத்தை வங்கியில் போடுங்கள், சீட்டும் கொடுங்கள்

முதல் வாரம் அக்கா கேட்டாரென்று 400 ரிங்கிட்டை உறையில் வைத்துக் கொடுத்தேன். மாத முடிவில் அது சம்பளத்தில் சேர்ந்ததா, முன்பணமா என்று இருவருக்கும் குழப்பம். இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லாதபடி சட்டம் ஒழுங்கு வகுத்திருக்கிறது. சம்பளம் பணியாளரின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்குச் செல்ல வேண்டும். வீட்டுப் பணியாளர் ரொக்கமாகக் கேட்டால், தொழிலாளர் துறையின் தலைமை இயக்குநரிடம் முதலாளி ஒப்புதல் பெற்றே அப்படிக் கொடுக்கலாம். மாதம் முடிந்த 7 நாளுக்குள் சம்பளம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அவருடைய மகன் கணக்கிலோ மருமகள் கணக்கிலோ போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவர் பெயரில் கணக்கு இல்லையென்றால், ஒரு காலைப் பொழுதை ஒதுக்கி அவரோடு வங்கிக்குப் போய்த் திறந்து கொடுங்கள்.

மாத நடுவில் தொடங்கியவருக்கு எப்படிக் கணக்கிடுவது என்பதற்கும் சட்டத்தில் 18ஏ பிரிவில் வாய்பாடு இருக்கிறது: மாதச் சம்பளத்தை, வேலையில் இருந்த நாட்களால் பெருக்கி, அந்த மாதத்தின் மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். வார இறுதியையும் சேர்த்தே எண்ண வேண்டும். அக்கா மே 13-இல் தொடங்கினார்; மாத முடிவு வரை 19 நாள். 1,800 பெருக்கல் 19, வகுத்தல் 31. ஆக 1,103 ரிங்கிட் 23 சென். 26 நாளால் வகுப்பதா, 22 நாளால் வகுப்பதா என்ற வாக்குவாதமே எழவில்லை.

பிடித்தம் பற்றி: வட்டியில்லாமல் கொடுத்த முன்பணத்தையும், கடந்த மூன்று மாதத்தில் தவறுதலாகக் கூடுதலாய்க் கொடுத்த தொகையையும் பிடிக்கலாம். உடைந்த புட்டிக்கும், கருகிய சட்டிக்கும் பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து அந்த மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

சம்பளச் சீட்டுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நான் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் மாதத்துக்கு ஒரு பக்கம் எழுதினேன்: சம்பளம் 1,800, சொக்சோ பிடித்தம் 8.75, கைக்கு 1,791.25, ரயில் கட்டணம் தனியே, வங்கியில் போட்ட தேதி. அக்கா கையெழுத்திடுவார், நான் படம் பிடித்து அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிடுவேன்.

6. அவருக்கு வருமான வரி வருமா?

பெரும்பாலும் வராது; ஆனால் "வராது" என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாமல், கணக்கைக் காட்டுங்கள். அவர் ஆண்டு முழுவதும் இதே சம்பளத்தில் வெவ்வேறு வீடுகளில் வேலை செய்தார் என்றே வைத்துக்கொள்வோம். 1,800 பெருக்கல் 12, மொத்தம் 21,600. தனிநபர் கழிவு 9,000 போக 12,600. இதில் முதல் 5,000-க்கு வரி இல்லை. மீதி 7,600-க்கு ஒரு விழுக்காடு, 76 ரிங்கிட். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு என்பதால், கட்ட வேண்டியது சுழியம். மாதாந்திர வரிப் பிடித்தமும் இந்தச் சம்பளத்தில் எழாது.

கவனிக்க வேண்டியது மொத்த வருமானம். சேமநிதிப் பிடித்தத்துக்குப் பின் ஆண்டு வருமானம், வருமான வரி வாரியம் வகுத்திருக்கும் எல்லையைத் தாண்டினால் அங்கே பதிய வேண்டும். பகலில் ஒரு வீடு, வார இறுதியில் இன்னொரு வீடு, இதோடு பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் சமைத்துக் கொடுக்கும் வேலை என்று சேர்ந்தால் சிலர் இந்த எல்லையை எட்டிவிடுகிறார்கள். பணியாளராக மட்டும் சம்பாதிப்பவருக்கு பிஇ பாரம், காலக்கெடு ஏப்ரல் 30. தம் வீட்டில் பிள்ளை பார்ப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு பி பாரம், ஜூன் 30. தொழில் செய்பவர் கணக்குப் புத்தகத்தையும் ரசீதுகளையும் 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

7. உங்கள் வரிக்கழிவில் இதைச் சேர்க்காதீர்கள்

தெரிந்தவர்களே தவறும் இடம் இது. பதிவுபெற்ற தாஸ்காவுக்கும் பாலர் பள்ளிக்கும் கட்டும் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 3,000 ரிங்கிட் வரை கழிவு கிடைக்கிறது. அதுவும் தாய், தந்தை இருவரில் ஒருவருக்கு மட்டும். வீட்டுக்கு வந்து பார்ப்பவரின் சம்பளத்துக்கும், பதியாத வீட்டில் விடுவதற்கான கட்டணத்துக்கும் இந்தக் கழிவு இல்லை. நான் மே முதல் ஆகஸ்டு வரை கொடுத்த 6,503 ரிங்கிட் 23 சென்னில் ஒரு சென்கூடக் கழியாது. செப்டம்பர் முதல் தாஸ்காவுக்குக் கட்டியது மட்டுமே கழியும். அந்த ரசீதில் தாஸ்காவின் பதிவு எண் இருக்கிறதா என்று பணம் கட்டும்போதே பாருங்கள். ஏப்ரலில் போய்க் கேட்டால், புது ரசீதுக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

8. கடைசி மாதம்

முடியும் தேதி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், இரண்டு வாரத்துக்கு முன்பே அவருக்கு நினைவூட்டுங்கள். அடுத்த வீடு தேட அவருக்கு நேரம் வேண்டும். கடைசிச் சம்பளம், மிகைநேரப் பணம், மீதியிருக்கும் முன்பணம் எல்லாவற்றையும் ஒரே தாளில் தீர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். ஆகஸ்டு மாதச் சந்தாவைச் செப்டம்பர் 15-க்குள் கட்டியபின், அவர் வேலை முடிந்த தேதியைப் பெர்கேசோ பதிவில் சேர்க்க மறக்காதீர்கள். விட்டுவிட்டால் செப்டம்பருக்கும் சந்தா வரவில்லையே என்று உங்களைத்தான் கேட்பார்கள்.

இத்துடன் ஒரு கடிதமும் எழுதிக் கொடுங்கள்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை வேலை செய்தார், மொத்தச் சம்பளம் எவ்வளவு, சொக்சோ எந்த மாதம் வரை கட்டப்பட்டது, குழந்தைக்கு எத்தனை மாதம், அவர் என்னென்ன பொறுப்பைப் பார்த்தார். வருமானத்துக்கு ஆதாரம் கேட்கும் எந்த இடத்திலும், அரசாங்க உதவிக்கு விண்ணப்பிக்கும்போதும், அவரிடம் காட்டுவதற்கு வேறு தாள் இருக்காது. இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அவரிடம் கொடுத்துவிட்டு, மற்றதைச் சம்பள நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.